கர்ணனுக்காக அழுத ஊர்: திருக்கோவிலூர் பக்கம் விடிய விடிய ஒரு கூத்து

"லைவ் மியூசிக் பார்க்கத் திருக்கோவிலூர் போறேன்" என்று சொன்னதும் எங்கள் டெஸ்க்கில் எல்லோரும் சிரித்தார்கள். "அங்க உலகளந்த பெருமாள்தானே இருக்கார், எந்த பேண்ட் இருக்கு?" என்றார் சீனியர் ஒருவர். பேண்ட் இருந்தது. ஐந்து பேர் வாத்தியம், ஏழெட்டுப் பேர் பாட்டு. ராத்திரி பத்தரைக்கு ஆரம்பித்து விடிகாலை ஐந்தே முக்காலுக்குத்தான் முடித்தார்கள்.

முதலில் நான் கேட்கும் பாட்டைப் பற்றிக் கொஞ்சம். போஸ்ட்-ஹார்ட்கோர் என்று ராக் இசையில் ஒரு வகை உண்டு. வீட்டில் ஸ்பீக்கரில் போட்டால், "யாருடி இப்படிக் கத்துறது, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பார். அம்மாவின் கேள்வி சரியானதுதான். பாடகர் பாடிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் பாட்டு போதாமல் போய்க் குரல் உடைந்து கத்தலாகிவிடும். நண்பனின் சாவு, பிரிவு, குற்ற உணர்ச்சி என்று சாதாரணப் பேச்சில் சொல்ல முடியாத எல்லாம் அந்தக் கத்தலில் வரும்.

இதன் வேர் 1980-களின் வாஷிங்டன் நகரம். அங்கே 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' என்று ஒரு குழு இருந்தது. 1985-ல் ஓர் ஆல்பம் போட்டார்கள், கொஞ்ச காலத்திலேயே கலைந்தும் போனார்கள். நேரில் அவர்கள் நடத்தியது மிகச் சில நிகழ்ச்சிகள்தான். அவற்றைப் பார்த்தவர்கள் கூட்டத்தில் நின்று அழுத கதையை இன்னும் சொல்கிறார்கள். அந்தக் குழுவின் பாடகர் கை பிச்சியோட்டோ பிறகு சேர்ந்த 'ஃபுகாஸி' இன்னும் பெரிய பெயர் வாங்கியது. டிக்கெட் ஐந்து டாலருக்கு மேல் போகக் கூடாது, எந்த வயதுக்காரரும் உள்ளே வரலாம் என்பது அவர்கள் கடைப்பிடித்த கொள்கை.

இப்படிப்பட்ட இசையை ஹெட்போனில் கேட்டால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தில் இருக்கிறது. சென்னையில் அப்படி ஒரு கச்சேரி அமைவது அபூர்வம் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் உடன் வேலை பார்க்கும் தோழி சொன்னாள்: "எங்க பெரியப்பா தவறிட்டாரு. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாடி ராத்திரி எங்க ஊர்ல 'கர்ண மோட்சம்' வச்சிருக்கோம். வர்றியா?"

அவள் ஊர் திருக்கோவிலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே. துக்க வீடு என்பதால் ஊர்ப் பெயர் வேண்டாம்.

கூத்துக்கு முன்னால் ஒரு முழுப் பகல் கையில் இருந்தது. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் கிட்டத்தட்ட ஒரே தூரம், ஒரு மணி நேரப் பயணம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் குவியும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இறங்குவதில்லை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது விழுப்புரத்திலிருந்து பிரிந்து அதனோடு சேர்ந்த ஊர் இது.

பெருமாள் கோயில் கோபுரம் 192 அடி. உள்ளே ஒரு காலைத் தூக்கி வானத்தை அளக்கும் திரிவிக்கிரமர். முதல் ஆழ்வார்கள் மூவரும் சந்தித்த கதை இந்த ஊருக்குச் சொந்தம். மழை ராத்திரியில் ஒரு சின்ன இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, நான்காவதாக யாரோ வந்து நெருக்குவது தெரிந்ததாம். அந்த நெரிசலில்தான் பாட்டு பிறந்தது என்கிறது வைணவ மரபு. ராக் கச்சேரியின் முன்வரிசையில் ஒருமுறையாவது மாட்டியவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். (பெருமாள் மன்னிக்க.)

ஊருக்குப் பக்கத்திலேயே ஞானானந்த தபோவனம் இருக்கிறது. ஹரிதாஸ் கிரி சுவாமிகள் பாடிப் பரப்பிய நாமசங்கீர்த்தனத்தின் தாய்வீடு. 1955-ல் பிரான்ஸ் நாட்டுக் கிறிஸ்தவத் துறவி ஹென்றி லெ சோ இங்கே வந்து ஞானானந்தரைச் சந்தித்து, பிறகு அதைப் புத்தகமாகவே எழுதினார். பஜனைக்கு நான் தங்கவில்லை. என் கால் வேறொரு பக்கம் இழுத்தது.

கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் பக்கம் போனால் தென்பெண்ணை ஆற்றுக்குள் தனியாக ஒரு பாறை நிற்கிறது. உச்சியில் செங்கல்லில் ஒரு குட்டிக் கோயில். கபிலர் குன்று என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்த கதைதான். பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள், பாரி இறந்தான், அவன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு புலவர் கபிலர் ஊர் ஊராக அலைந்தார். சங்க மரபு, கபிலர் வடக்கிருந்து உயிர் விட்டார் என்கிறது. வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டோ, பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்று சொல்லி, இடத்துக்குக் 'கபிலக்கல்' என்று பெயரும் தருகிறது. நண்பன் இல்லாத உலகத்தில் இருக்க முடியாமல் போன மனிதர் என்பதில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அதே கல்வெட்டில் ராஜராஜனின் தாய் வானவன் மாதேவியும் வருகிறார். மலையமான் குலத்துப் பெண் அவர். கணவர் சுந்தர சோழர் இறந்ததும், பால்குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டுத் தீயில் இறங்கினார்.

நான் போனபோது ஆற்றில் முழங்கால் அளவுகூட நீர் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது இதே ஆறு இரண்டு கரையையும் முழுங்கிக்கொண்டு ஓடியது என்று சொன்னால் நம்ப முடியாது. கரையில் ஒருவர் மாடு கழுவிக்கொண்டிருந்தார். பாறையைப் போட்டோ எடுத்துவிட்டுத் தோழியின் ஊருக்கு பஸ் ஏறினேன்.

ராத்திரி ஒன்பதரை. தெரு முனையில் வைக்கோல் ஒதுக்கிய வெறும் தரை. அதுதான் மேடை. நான்கு கம்பு, ஒரு தார்ப்பாய், இரண்டு எல்.இ.டி. விளக்கு. பின்னால் ஒரு பெஞ்சு. அதில் ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. முகவீணை தெரியாதவர்களுக்கு: நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். சத்தத்தில் மட்டும் அண்ணன். பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் மாலை போட்டு, பெரியப்பாவின் படம். ஆட்டம் முழுவதையும் அவர் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார்கள்.

மைக் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் வம்பு வேண்டாம் என்று குழாய் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டார்கள். விடியும்வரை நடக்கும் ஒரு கலைக்கு இந்த விதி பெரிய இடைஞ்சல்தான். அதனால்தானோ என்னவோ, சில இடங்களில் கூத்தை நள்ளிரவோடு சுருக்கிவிடுகிறார்கள். ஆனால் அன்று எனக்கு அதனால் லாபம். மெஷின் எதுவும் இடையில் இல்லாமல், மனிதத் தொண்டை என்ன செய்யும் என்பதை நேராகக் கேட்டேன்.

முதலில் களரி கட்டினார்கள். அதாவது, ஆட்டம் தொடங்கும் முன் எல்லா வாத்தியமும் சேர்ந்து ஊரைக் கூப்பிடும் வாசிப்பு. அரை மணி நேரத்தில் பாய், சாக்கு, போர்வையோடு ஜனம் வந்து சேர்ந்தது. எனக்குப் பக்கத்தில் ஓர் ஆயா. "பாப்பா, கால நீட்டிக்கோ. கர்ணன் வர நேரமாவும்" என்றார்.

கட்டியக்காரன் வந்தார், கோமாளித்தனம் செய்தார், பிள்ளையாரைக் கும்பிட்டார். துரியோதனன் வந்தார். கர்ணன் வந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் முதலில் சலங்கைச் சத்தம், பிறகு குரல், பிறகு திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி. கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரம். கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். இந்தக் கட்டை வேஷத்தால்தான் கட்டைக்கூத்து என்றும் சொல்கிறார்கள். அத்தனையையும் மாட்டிக்கொண்டு அவர் சுழன்று சுழன்று கிறிக்கி அடித்தபோது, கண்ணாடித் துண்டுகளின் வெளிச்சம் உட்கார்ந்திருந்த எல்லார் முகத்திலும் ஓடியது.

திரௌபதி அம்மன் கோயில்களில் நாள் கணக்கில் நடக்கும் பாரதக் கூத்தைப் பற்றி உலகம் நிறையவே எழுதிவிட்டது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் செஞ்சிப் பகுதியை மையமாக வைத்து இரண்டு பெரிய புத்தகங்கள் எழுதினார். முதல் தொகுதி 1988-ல் வந்தது. செய்யாறு பக்கத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரானையும், அவரிடமிருந்து சென்னை நாடகக்காரர்கள் கற்றுக்கொண்டதையும் நாடகம் படித்தவர்கள் அறிவார்கள். துக்க வீட்டுக் கூத்து அவ்வளவாக வெளியே தெரியாது. வட தமிழ்நாட்டில் பல ஊர்களில் கருமாதிக்கு முந்தைய ராத்திரி 'கர்ண மோட்சம்' ஆடுகிறார்கள். செத்துக்கொண்டிருக்கும்போதும் தன் புண்ணியம் முழுவதையும் தானம் கொடுத்து மோட்சம் போனவன் கர்ணன். அவன் போன வழியில் நம் வீட்டு மனிதரும் போகட்டும் என்பது நம்பிக்கை.

எனக்கு முதலில் உறைத்த இடம் பொன்னுருவி. கர்ணனின் மனைவி. தேரோட்டி மகனுக்கு என்னைக் கட்டி வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரத்தில் அவனை முகம் பார்க்க மாட்டாள். போருக்குப் புறப்படும் கர்ணன் விடைபெற வந்து நிற்கிறான்; இவள் குலத்தைச் சொல்லிச் சொல்லிக் கிழிக்கிறாள். வேஷம் கட்டியிருந்தவர் நாற்பது வயது ஆண். கூட்டத்தில் அதுவரை இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. பிறப்பைச் சொல்லி ஒருவனை அவமானப்படுத்துவதை மகாபாரதக் கதையாக மட்டும் கேட்டுக்கொண்டிருக்க முடியாத ஊர்கள் நம் ஊர்கள். முன்வரிசையில் இருந்த இளைஞர்கள் சிலர் போனை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். கர்ணன் பதிலே சொல்லாமல் நின்றார். ஹார்மோனியம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு குழுவுக்கு எங்கே சத்தத்தை நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

இரண்டரை மணிக்கு டீ வந்தது. தோழியின் அண்ணன், அதாவது பெரியப்பாவின் மூத்த மகன், கேனைத் தூக்கிக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவரைப் பார்க்கிறேன், உட்காரவே இல்லை. பந்தல்காரர், சமையல்காரர், வேன் டிரைவர் என்று யாரோடாவது கணக்குப் பேசிக்கொண்டே இருந்தார். "அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஆறு வருஷமாப் பேச்சு இல்ல. நிலத் தகராறு" என்றாள் தோழி. "தூக்கின அன்னிக்குக்கூட அழல. ஆனா கூத்து வச்சே ஆகணும்னு நின்னது அவருதான். அப்பாவுக்கு இந்தக் கூத்துன்னா உசுரு."

போர் தொடங்கிற்று. அர்ஜுனனும் கர்ணனும் புழுதி பறக்கச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மிருதங்கமும் டோலக்கும் அடித்த அடியில் என் விலா எலும்பு அதிர்ந்தது. தேர்ச் சக்கரம் புதைந்தது. அம்பு பட்டது. கிழப் பிராமணனாகக் கிருஷ்ணர் வந்து புண்ணியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போது நாலே கால். ஆயா என் தோளில் தட்டினார். "தூங்கிடாத. இப்பத்தான் அம்மாக்காரி வருவா."

குந்தி வந்தாள். வெள்ளைப் புடவை, அவிழ்ந்த முடி, வியர்வையில் கரைந்த அரிதாரம், அதற்குக் கீழே முளைத்திருந்த தாடி. ஐம்பது வயதைத் தாண்டிய கலைஞர். திரை இல்லை, அறிமுகப் பாட்டு இல்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, உட்கார்ந்திருந்த எங்கள் நடுவே புகுந்து, "மகனே" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார். அந்த ஒரு சொல்லைப் பாட்டாகத்தான் தொடங்கினார். முகவீணை அவரோடு மேலே மேலே ஏறியது. எட்ட முடியாத ஓர் உயரத்தில் பாட்டு அறுந்து, வெறும் கத்தலாயிற்று. முதுகெலும்பில் என்னவோ ஓடியது. நான் எத்தனையோ பாட்டுகளில் திரும்பத் திரும்பக் கேட்ட அதே இடம். இங்கே அதைச் செய்தவர் எனக்கு ஆறடி தூரத்தில் இருந்தார், மைக் இல்லாமல்.

பெற்ற பிள்ளையை ஆற்றில் விட்டவள் குந்தி. போருக்கு முன்பே உண்மையைச் சொல்லி வரம் வாங்கிக்கொண்டாள். அப்போது கர்ணன் பதிலுக்குக் கேட்டது ஒன்று உண்டு: நான் செத்து விழுந்தால் மடியில் போட்டுக்கொண்டு, இவன் என் மகன் என்று எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். அதைத்தான் இப்போது செய்கிறாள். உயிரோடு இருந்தவரை சொல்லாததைப் பிணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கே சொல்கிறாள். பாட்டு மெல்ல ஒப்பாரியாக மாறியது. முதலில் பெரியம்மாவும், பிறகு அவர் தங்கையும், பிறகு பத்துப் பதினைந்து பெண்களும் அந்த ஒப்பாரியில் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் அழுதது கர்ணனுக்கா, பெரியப்பாவுக்கா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆயா யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் டீ கேனைக் கீழே வைத்தார். ஆட்டத்துக்குள் நடந்து போய், குந்தியின் தோளில் ஒரு 500 ரூபாய் நோட்டைக் குத்தினார். இது வழக்கம்தான், ராத்திரி முழுக்க யாராவது குத்திக்கொண்டே இருந்தார்கள், கட்டியக்காரன் பெயர் சொல்லி வாழ்த்திக்கொண்டே இருந்தார். இப்போதும் கட்டியக்காரன் பெயர் கேட்டுக் காதைக் கொடுத்தார். அண்ணன், "எங்கப்பா பேர்ல சொல்லு" என்றார். கட்டியக்காரன் பெரியப்பாவின் பெயரை, அவருடைய அப்பா பெயரோடு சேர்த்து, ஊர் கேட்க மூன்று முறை கூவினார். மூன்றாவது முறை கூவும்போது அண்ணன் கர்ணனின் காலடியில் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. குந்தி பாட்டை நிறுத்தவில்லை. கர்ணனின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை மட்டும் நீட்டி, அவர் தலையிலும் வைத்தார்.

இதை வீடியோ எடுத்தீர்களா என்று பிறகு ஆபீஸில் கேட்டார்கள். எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இங்கே போட மாட்டேன்.

விடிந்ததும் வேஷம் போட்ட கொட்டகைக்குப் போனேன். குந்தி லுங்கிக்கு மாறி, தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனில் வீட்டோடு பேச்சு. கேஸ் சிலிண்டர் புக் செய்தாயிற்றா என்று. அவ்வளவு கத்திய தொண்டை கொஞ்சம் கரகரத்ததே தவிர உடைந்திருக்கவில்லை. எப்படி என்று கேட்டேன். "தொண்டையில கத்தக் கூடாது கண்ணு. அடிவயித்துலேர்ந்து எடுக்கணும். வாத்தியார் மூணு வருஷம் அத மட்டும்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றார். மேற்கத்திய ராக் பாடகர்களுக்குக் கத்தச் சொல்லித் தரும் ஆசிரியர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "ஒவ்வொரு வாட்டியும் அழுகை நிஜமா வருமா?" என்று கேட்டதற்குச் சிரித்தார். "எனக்கு வருதா இல்லையா விடு. அவுங்களுக்கு வரணும்ல?" இன்று ராத்திரி சங்கராபுரம் பக்கம் இன்னொரு துக்க வீடு என்று சொல்லிவிட்டு, கிரீடத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

அண்ணன் தலை மழித்து, கையில் பிண்டத் தட்டோடு, பங்காளிகளுடன் ஆற்றுக்குப் புறப்பட்டார். பந்தல்காரர் கம்பைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்.

துக்க வீட்டுக் கூத்துக்கு அழைப்பில்லாமல் போகாதீர்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் மாசி, பங்குனி தொடங்கி ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்துத் தொடையைப் பிளக்கும் படுகளம், தீமிதி. யாரும் வரலாம், காசு கிடையாது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் போகிறவர்கள், இதே மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை பக்கம் உள்ள கூவாகத்துக்கும் போகலாம். களப்பலியான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள், மறுநாள் தாலி அறுத்து வெள்ளை உடுத்தி அழுவதை அங்கே பார்ப்பீர்கள். கேமராவோடு மேலே விழாமல் தள்ளி நில்லுங்கள்.

எந்த ஊரில் என்றைக்குக் கூத்து என்று இணையத்தில் தேடினால் கிடைக்காது. திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பாருங்கள், இல்லை டீக்கடையில் கேளுங்கள். ராத்திரி திரும்ப பஸ்ஸை நம்ப வேண்டாம். பாதியில் எழுந்து வந்தால் கர்ணனோடு போய்விடும். குந்தி வர நாலு மணியாகிவிடுகிறது. ஒரு போர்வையும், கொசுவுக்கு ஏதாவதும் எடுத்துக்கொள்ளுங்கள்.